நவக்கிரகத்தில் எட்டுப் பேர்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 53 வயது. சிங்கப்பூரில், செம்பவாங்கில் இருக்கிறேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் வேலை. வீட்டில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் யார் எழுதினாலும் முதலில் வீட்டுக்காரரைத்தான் விசாரிப்பீர்கள். என் வீட்டுக்காரர் தங்கமானவர். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். என் பிரச்சினை என் பழைய பள்ளித் தோழர்கள்.

சிரிக்காதீர்கள். இந்த வயதில் பள்ளிக்கூடச் சண்டையா என்று என் மகளே சிரித்துவிட்டாள்.

நாங்கள் படித்தது ஈசூன் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. 1985இல் உயர்நிலை ஒன்று, 1988இல் உயர்நிலை நான்கு. அப்போது ஈசூன் ஒரு சின்ன ஊர் மாதிரிதான். பாதி இடத்தில் கட்டுமானம், மீதி இடத்தில் லாலான் புல். எங்களில் பாதிப் பேருடைய அப்பாக்கள் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்து, வெள்ளைக்காரன் போன பிறகு கப்பல் பட்டறைக்கு மாறியவர்கள். சோங் பாங் சந்தைக்குப் போனால் எல்லா அம்மாக்களுக்கும் எல்லாரையும் தெரியும். தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போவதை "டவுனுக்குப் போறோம்" என்று சொல்வோம்.

எங்கள் ஆண்டில் தமிழ்ப் பிள்ளைகள் மொத்தமே ஒன்பது பேர். ஏழு பேர் எக்ஸ்பிரஸ், நன்றாகப் படிப்பவர்களின் பிரிவு. நானும் இன்னொருத்தியும் நார்மல், மெதுவாகப் படிப்பவர்கள் என்று ஒதுக்கிய பிரிவு. (அவள் பெயர் வேண்டாம், ம. என்று வைத்துக்கொள்ளுங்கள்.) மற்ற பாடங்களுக்கு வேறு வேறு வகுப்பு. தமிழுக்கு மட்டும் ஆள் குறைவு என்று எல்லாரையும் மரவேலைப் பட்டறைக்குப் பக்கத்து அறையில் ஒன்றாக உட்கார வைத்தார்கள். ரம்பச் சத்தத்துக்கு நடுவில் திருக்குறள் படித்தோம். ஒரே அறையில் இருந்தும் ஒன்பது பேரும் ஒன்பது திசையைப் பார்த்துக்கொண்டிருப்போமாம், அதனால் தமிழ் சார் எங்களை "நவக்கிரகம்" என்று கூப்பிடுவார். 2016இல் ஒருவன் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தபோது அதற்கும் அதே பெயரைத்தான் வைத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1987 தீபாவளிக்குப் பள்ளி மண்டபத்தில் நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். நரகாசுரனுக்குக் கிரீடம் வேண்டும். மைலோ டின்னை வெட்டி, உள்பக்கப் பளபளப்பை வெளியே திருப்பி அந்தக் கிரீடத்தைச் செய்தது நான். வசனத்திலும் பாதி நான் எழுதியது. இந்த ஜூன் மாதம் சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நாங்கள் கூடினோம். எங்கள் லாயரம்மா (பள்ளியில் தலைமை மாணவி, இன்று வழக்கறிஞர்) படங்களைத் திரையில் ஓடவிட்டுக் கதை சொன்னாள். "நான் ராத்திரி முழுக்க முழிச்சு மைலோ டின்னுல கிரீடம் செஞ்சேன்" என்றாள்! எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வாயே வரவில்லை. அந்த டின்னை வெட்டியது எங்கள் வீட்டு அடுப்படியில். ம.வும் கூட இருந்தாள், தகரம் கிழித்து அவள் விரலில் ரத்தம்கூட வந்தது, அது கிடக்கட்டும். ஆனால் அது நான் செய்த கிரீடம்.

அதோடு போகவில்லை. என்னை இன்னமும் "மைலோ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிரீடம் செய்ததால் வந்த பெயர் என்கிறார்கள். அப்படியானால் கிரீடம் செய்தது நான் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தப் பெயர் உயர்நிலை இரண்டிலேயே வந்துவிட்டது. என் நிறத்துக்காக வைத்த பெயர். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது, "அந்தக் காலத்துல நமக்குள்ள எந்த வித்தியாசமும் இல்ல" என்று லாயரம்மா சொன்னதுதான். இல்லையா? பெற்றோர் சந்திப்பு நாளில் என் அம்மா வந்தால் இவளுடைய அம்மா "உங்க பொண்ணு நார்மலா?" என்று கேட்பார். நார்மல் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் என்று என் அம்மாவுக்குத் தெரியாது. "ஆமாங்க, நார்மலாத்தான் இருக்கா, நல்லா சாப்பிடுறா" என்று சொன்னார். அதை அன்றைக்குச் சொல்லிச் சிரித்தவர்கள் இந்த ஜூனிலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். "இப்பத்தான் 2024லேருந்து ஸ்ட்ரீமிங்கே, அதான் எக்ஸ்பிரஸ், நார்மல்னு பிரிக்கிறதே, கிடையாதே, பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3ன்னு ஆயிடுச்சு, இன்னும் ஏன் அதையே பிடிச்சிக்கிட்டு இருக்க?" என்று ஒருவன் குழுவில் கேட்டான். அவனுக்கென்ன, எக்ஸ்பிரஸில் படித்துத் தொடக்கக் கல்லூரிக்குப் போனவன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1988 டிசம்பரில் எம்ஆர்டி ரயில் ஈசூன் வரைக்கும் வந்தது. தேர்வெல்லாம் முடிந்த நேரம். நாங்கள் ரயிலேறி தோபி காட்டில் இறங்கி, அங்கிருந்து தேக்காவுக்கு நடந்தே போனோம். அப்போது லிட்டில் இந்தியாவில் நிலையம் ஏது? தோசை சாப்பிட்டு, ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டோம். என் பள்ளி வாழ்க்கையிலேயே இனிமையான நாள் அதுதான், நார்மல் என்று யாரும் என்னை ஒதுக்காத நாள். அந்தப் படத்தைத் திரையில் போட்டு லாயரம்மா "நாங்க ஒன்பது பேரும் போனோம்" என்கிறாள். ஒன்பது பேர் இல்லை, எட்டுப் பேர்! படத்திலேயே எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் படமெடுத்திருப்பார் என்கிறான் இன்னொருவன். ஸ்டுடியோவில் கடைக்காரர்தானே எடுப்பார்? இதற்காக மட்டும் குழுவில் ஒரு வாரம் சண்டை போட்டேன். ம.வுக்கு யாரோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள், அவள் வரவில்லை. ஜனவரியில் பள்ளிக்கும் திரும்பவில்லை, தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் உயர்நிலை ஐந்து படித்து ஓ லெவல் தேர்வு எழுதினேன். எட்டு என்றால் எட்டு. எண்ணிக்கையில்கூட உண்மை சொல்ல மாட்டார்களா?

முன்பெல்லாம் நான் இப்படி இல்லை, அம்மா. எட்டு வருடமாகக் குழுவில் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டு அமைதியாகத்தான் இருந்தேன். முதல் சண்டை இந்த ஏப்ரல் கடைசியில் வந்தது. யாரோ "பழைய நட்புக்கு ஈடேது" என்று ஒரு படம் போட்டார்கள். எனக்கு ஏனோ சுருக்கென்றது. நீளமாக ஏதோ எழுதிவிட்டேன். அதன் பிறகு எதைப் போட்டாலும் குற்றமாகவே தெரிகிறது. தூக்கமும் சரியில்லை. இரவு மூன்று மணிக்கு விழித்தால் பள்ளிக்கூட நடைபாதை ஞாபகம்தான் வருகிறது. நாங்கள் நடந்து போகும் வழி. ம.வும் நானும் ஒரே புளோக், நான் ஏழாவது மாடி, அவள் மூன்றாவது. தினமும் படியிறங்கி அவள் வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். சரி, அது வேண்டாம்.

வீட்டில் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறது. அரிசிக்குக்கூட. முன்பு வீட்டருகே உள்ள பேரங்காடிக்குப் போவேன். இப்போது மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளிப் போகிறேன், அங்கே நாங்கள் சாப்பிடும் பொன்னி அரிசி கிடைப்பதில்லை. பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் பால்குடத்துக்குப் பால் வாங்க அருகில் உள்ள கடைக்குப் போயிருந்தேன். காசாளர் முகப்பில் ம. உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வருடம் கழித்துப் பார்க்கிறேன், பார்த்தவுடனே தெரிந்தது. அதே கொண்டை. கடைச் சீருடை, காலில் வீக்கத்துக்குப் போடும் நீளக் காலுறை. தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு சுயசேவை முகப்புக்குப் போய்க் காசு கட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அது வேறு கதை.

நான் கேட்க வந்தது இதுதான். இந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிடலாமா? கிரீடம் நான் செய்தது என்று லாயரம்மாவுக்கு எழுதி, மன்னிப்பு வாங்க வேண்டுமா? "எல்லாம் வயசுக் கோளாறு" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா? முப்பத்தாறு வருடமாக ஒருவரை இல்லாத ஆளாக நடத்துவது எவ்வளவு பெரிய வலி என்று இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

இப்படிக்கு,
மைலோ என்று கூப்பிடப் பிடிக்காதவள்


பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உரிமையோடு அப்படிக் கூப்பிடுகிறேன், நான் உங்களுக்குப் பதினைந்து வயது மூத்தவள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கிரீடத்துக்காக உங்கள் பக்கம் நின்றேன். இரண்டாம் தடவை உங்கள் அம்மாவுக்காக. "நார்மலாத்தான் இருக்கா, நல்லா சாப்பிடுறா" என்ற அந்தப் பதிலைக் கேட்டு ஒரு கூட்டம் சிரித்தது என்றால், அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கும் கோபம் வருகிறது. மூன்றாம் தடவை ஒரு பென்சிலை எடுத்து, ம. வரும் இடங்களில் மட்டும் கோடு போட்டேன்.

அதற்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவை விட்டு வெளியேற வேண்டாம். லாயரம்மாவுக்கு எதுவும் எழுத வேண்டாம், ஒரு வழக்கறிஞருக்கு எழுத்தில் புகார் அனுப்பி ஜெயித்தவர்கள் குறைவு. "மைலோ" என்று கூப்பிட்டால் "எனக்கு அது பிடிக்கவில்லை, என் பெயரைச் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு முறை, விளக்கம் எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள். நிறத்தாலா கிரீடத்தாலா என்று நிரூபிக்கத் தேவையில்லை. பிடிக்கவில்லை என்றால் போதும். உங்கள் கணவர் சொன்னதற்காக இல்லை, இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது என்று நீங்கள் எழுதியதற்காக, பலதுறை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஐம்பதைத் தாண்டிய உடம்புக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் உண்டுதான். ஆனால் அந்த மூன்று மணிக்கு உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது என்பதை உடம்பின் மேல் போட முடியாது.

நார்மல் வகுப்பின் வலியைப் பற்றி நீங்கள் எழுதியது மிகையே இல்லை. 1979ஆம் ஆண்டு, அப்போது துணைப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீயின் குழு தந்த அறிக்கையை ஒட்டித்தான் பிள்ளைகளைத் தரம் பிரித்துப் படிக்கவைக்கும் முறை இங்கே வந்தது. படிப்பைப் பாதியில் விட்டுப்போகும் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கம் ஓரளவு நிறைவேறவும் செய்தது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொடக்கப் பள்ளியின் இறுதித் தேர்வை எழுதிவிட்டு ஒரு பெயர்ப்பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தது. பெயர்ப்பலகையை 2024இல் கழற்றிவிட்டார்கள். கழுத்தில் அது உரசின இடம் முப்பது வருடம் கழித்தும் காந்துகிறது என்று நீங்கள் சொன்னால் நான் நம்புகிறேன். "இன்னும் ஏன் அதையே பிடிச்சிக்கிட்டு இருக்க" என்று கேட்டவருக்கு அது ஒருநாளும் உரசியிருக்காது.

உங்கள் தமிழ் வகுப்பு அந்தக் காலத்தில் உங்களுக்கு ஏன் அத்தனை முக்கியமாக இருந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்ட பிறகு, முழுப்படிப்பையும் தமிழில் படிக்கும் உயர்நிலைப் பள்ளி என்று இங்கே ஒன்று இல்லை. உங்கள் தலைமுறைக்குத் தமிழ் என்பது வாரத்தில் சில மணி நேரம், ஓர் ஓரத்து அறை, கூட ஏழெட்டுப் பேர். பட்டறைக்குப் பக்கத்து அறையில் அந்த ஒன்பது பேரும் ஒரு குட்டி ஊராக இருந்திருக்கிறீர்கள். அதற்கு வெளியே நீங்கள் நார்மல். உள்ளே நவக்கிரகத்தில் ஒருத்தி. அந்த இடத்தை இழந்துவிடக்கூடாது என்ற பயம் பதினாறு வயதில் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போது கிரீடம். லாயரம்மா பொய் சொன்னார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை ஆட்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள்கள் கழித்து, மாதங்கள் கழித்து, திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். 1932இல் முடிவை வெளியிட்டார். ஒவ்வொருவரும் தங்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகளை விட்டுவிட்டு, பழக்கமானதைச் சேர்த்து, கதையைத் தம் ஊர்க் கதையாக மாற்றியிருந்தார்கள். பூர்வகுடிகளின் தோணி அவர்கள் வாயில் சாதாரணப் படகாகிவிட்டது. ஒருவரும் பொய் சொல்லவில்லை, எல்லாரும் ஞாபகத்திலிருந்துதான் சொன்னார்கள். என் கதையையும் கேளுங்கள். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தேன் என்று நாற்பது வருடம் என் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடியது என் அக்கா. நான் கைதட்டியவள். அக்கா எதிரிலேயே ஒருநாள் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

இதில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது, தங்கச்சி. கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். "கிரீடத்தைச் செய்தது நான்", "அது நான் செய்த கிரீடம்" என்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் உங்களோடு உட்கார்ந்து தகரத்தை வெட்டி விரலைக் கிழித்துக்கொண்ட பெண்ணுக்கு ஒரு வரி, அதன் வாலில் "அது கிடக்கட்டும்". லாயரம்மா உங்களுக்குச் செய்ததை நீங்கள் ம.வுக்குச் செய்கிறீர்கள். அவர் மேடையில் செய்தார், நீங்கள் கடிதத்தில் செய்கிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நான் பென்சிலில் கோடு போட்ட இடங்கள். கிரீடத்தில் ஒன்று, ரயில் பயணத்தில் ஒன்று, ஏழாவது மாடியும் மூன்றாவது மாடியும் ஒன்று, பேரங்காடி ஒன்று. நான்கு இடங்களிலும் "அது கிடக்கட்டும்", "சரி, அது வேண்டாம்", "அது வேறு கதை" என்று கதவைச் சாத்திவிட்டு ஓடுகிறீர்கள், அல்லது வேறு பேச்சை எடுக்கிறீர்கள். வேறு யாரைப் பற்றி எழுதும்போதும் உங்களுக்கு இந்த அவசரம் இல்லை. லாயரம்மாவைப் பற்றி நிதானமாக, வாய்க்கு வாய் வசனத்தோடு எழுதுகிறீர்கள்.

தேதிகளையும் பார்த்தேன். எட்டு வருடம் குழுவில் அமைதியாக இருந்தவர் நீங்கள். அதே கிண்டல், அதே பட்டப்பெயர், அதே ஆட்கள். இந்த ஏப்ரல் கடைசியில் "பழைய நட்புக்கு ஈடேது" என்று ஒரு சாதாரணப் படம் வந்ததும் சுருக்கென்றது. அதற்கு முன்னால்தான், பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம், தள்ளுவண்டியைத் திருப்பினீர்கள். அந்தப் படம் உங்களைக் குத்தியதில் ஆச்சரியம் என்ன? அப்போதிலிருந்து நீங்கள் ஒரு குற்றவாளியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். குழுவில் உங்களைத் தவிர ஏழு பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவராக விசாரிக்கிறீர்கள்.

ஆனால், எட்டா ஒன்பதா என்று ஒரு வாரம் சண்டை போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்கு உங்கள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டால் அம்மாவுக்குப் பைத்தியம் என்பார்கள். ஒரு பழைய படத்தில் எத்தனை தலை என்பதற்கா இவ்வளவு? நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த அறையிலிருந்தவர்கள் எல்லாரும் ம.வைப் படத்துக்குள் நிற்கவைத்து, "ஒன்பது பேரும் போனோம்" என்று சொல்லி, விஷயத்தை முடித்துவிட்டார்கள். அவள் அங்கே இல்லை என்று ஞாபகம் வைத்திருந்தது நீங்கள் ஒருத்திதான். நவக்கிரகம் என்று பெயர் வைத்த குழுவில் எட்டுப் பேர் இருப்பது உறுத்தியதும் உங்களுக்கு மட்டும்தான். உங்களுக்காகச் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டு அந்த ஒரு வாரம் முழுக்க அவளுக்காகத்தான் வாதாடியிருக்கிறீர்கள். கட்சிக்காரரின் பெயரைத்தான் கடைசிவரை சொல்லவில்லை.

ஒரு கேள்வி. பதில் எனக்கு எழுத வேண்டாம். "ம.வுக்கு யாரோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் படியிறங்கி அவள் கதவைத் தட்டியவர் நீங்கள். மற்ற ஏழு பேரும் வேறு வகுப்பு. அன்று காலை நீங்கள் மூன்றாவது மாடியைத் தாண்டித்தானே கீழே இறங்கியிருப்பீர்கள்? மின்தூக்கியில் போயிருந்தாலும் அந்த மாடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த "யாரோ" யார்?

நீங்கள்தான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மறந்திருக்கலாம். அவளிடம் ரயிலுக்கும் தோசைக்கும் காசு இருக்காது என்று நினைத்திருக்கலாம். அல்லது, ஏழு எக்ஸ்பிரஸ்காரர்களோடு ஒரு நார்மல்காரி போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள், இரண்டு பேர் போனால் நார்மல் கூட்டம் என்று தெரிந்துவிடும் என்று பதினாறு வயது மனம் கணக்குப் போட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் உண்மை என்றாலும் அந்தச் சிறுமியை நான் திட்ட மாட்டேன். பெயர்ப்பலகையை அவள் கழுத்தில் மாட்டியது பெரியவர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க ஆசைப்பட்டிருக்கிறாள். அதற்காக ஒருத்தியின் கதவைத் தட்டாமல் போயிருக்கிறாள்.

பதினாறு வயதுக்குத் தரும் சலுகையை 53 வயதுக்கு நான் தரமாட்டேன். அன்று பேரங்காடியில் உங்களோடு யாரும் இல்லை. சம்பந்தி வீட்டார் இல்லை, அலுவலகத்து மேலாளர் இல்லை, லாயரம்மாவும் இல்லை. யார் பார்த்துவிடுவார்கள் என்று வண்டியைத் திருப்பினீர்கள்? சீருடையைக் கண்டு திருப்பினீர்களா, காலுறையைக் கண்டா, அல்லது அவள் நிமிர்ந்து பார்த்து "ஏன் அன்னிக்கு என்னைக் கூப்பிடல?" என்று கேட்டுவிடுவாள் என்றா? எனக்குக் கடைசியானதுதான் காரணமாகத் தோன்றுகிறது. காசாளர் வேலையை நீங்கள் கேவலமாக நினைப்பவர் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் ஒருவரை இல்லாத ஆளாக நடத்துவது எவ்வளவு பெரிய வலி என்று அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை நீங்கள் யாருக்காக எழுதினீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளி நாள்களின் ஞாபகம் மற்ற ஞாபகங்களைப் போல இல்லை. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்தவற்றைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்திலிருந்துதான் மிக அதிகமாகச் சொல்கிறார்கள் என்பது உளவியலில் பல முறை பார்த்த விஷயம். உங்கள் ஒன்பது பேருக்கும் அந்த வயது ஒரே ஓரத்து அறையில் கழிந்திருக்கிறது. அதனால்தான் அது இத்தனை துல்லியமாக இருக்கிறது, இத்தனை கூர்மையாகவும். உங்களுக்கு அந்த நடைபாதை ஞாபகம் இருக்கிறதென்றால் ம.வுக்கும் இருக்கும். கதவைத் தட்டும் சத்தம் வராத அந்த டிசம்பர் காலையும் இருக்கலாம். அல்லது அவளுக்கு அந்த நாளே ஒரு பொருட்டாக இல்லாமல், நீங்கள்தான் இத்தனை வருடமாகத் தூக்கிச் சுமந்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. மூன்று நிறுத்தம் தள்ளி அரிசி வாங்கும் உங்களாலும் முடியாது.

ஆகவே வீட்டருகே உள்ள கடைக்குப் போங்கள். 1988 படத்தைக் கையில் எடுத்துப் போகாதீர்கள், அந்தப் படத்தில் அவள் இல்லை. மன்னிப்புக் கேட்கும் வசனம் எதையும் தயாரிக்காதீர்கள். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு காசாளரிடம் முப்பத்தாறு வருடத்துப் பாவத்தைக் கொட்டுவது அவளுக்கு நீங்கள் செய்யும் இன்னொரு தொல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு "எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். "உனக்கு எத்தனை மணிக்கு ஓய்வு, ஒரு தேத்தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்க முடிந்தால் கேளுங்கள். அவள் சிரிக்கலாம். யாரென்று தெரியாத மாதிரி பையில் சாமானைப் போட்டு, மீதிச் சில்லறையைக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிடலாம். அந்த வாரம் நீங்கள் வண்டியைத் திருப்பியதை அவள் பார்த்திருக்கவும் கூடும், அதையும் எதிர்பார்த்தே போங்கள். அப்படி நடந்தால் அன்று இரவு உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். லாயரம்மா மேல் வரும் கோபத்தைவிட அது நேர்மையான கஷ்டம், அதனால் நான் தடுக்கமாட்டேன்.

அவளைக் குழுவில் சேர்க்கலாமா என்று உடனே யோசிக்க ஆரம்பித்திருப்பீர்கள், உங்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. வேண்டாம். அவளே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும், ஒரு வேலைநாள் காலையில் விடுப்பெடுத்துக்கொண்டு போங்கள். சுயசேவை முகப்பு காலியாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாமல் அவள் வரிசையில் நில்லுங்கள். பொன்னி அரிசி ஐந்து கிலோ வாங்குங்கள். பை கனமாக இருந்தால் அவளே எழுந்து கைகொடுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் அக்கா